பந்தே வராத கோல்

எங்கள் கல்லூரிப் பெண்கள் ஹாக்கி அணி இரண்டு வருடமாகத் தோற்றதே இல்லை. நீங்கள் கைதட்டுவதற்கு முன்னால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடமாக நாங்கள் ஆடியதும் இல்லை.

ஆடாமல் எப்படி ஜெயிப்பது என்று கேட்டால், அதற்குக் கல்லூரியைத் திருவொற்றியூரில் கட்டியிருக்க வேண்டும். எங்கள் மைதானத்துக்கு வருகிறவர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில்தான் வந்தாக வேண்டும். மாலை நான்கு மணியானால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் அந்தச் சாலையில் வரிசை கட்டிவிடும். டிரைவர்கள் இறங்கி, ஸ்டவ் பற்றவைத்து, சோறு வடித்து, சாப்பிட்டு, குட்டித் தூக்கமும் போட்டு எழுந்தால் வரிசை ஒரு வண்டி நீளத்துக்கு நகர்ந்திருக்கும். எதிரணியின் வேன் அதற்குள் மாட்டினால் முடிந்தது கதை. போட்டி விதிப்படி நடுவர் கால் மணி நேரம் காத்திருப்பார். பிறகு விசில் ஊதுவார். எதிரணி வரவில்லை, ஆகவே நாங்கள் வென்றோம். இதற்குப் பெயர் வாக்ஓவர்.

ஒருமுறை நடந்தால் அதிர்ஷ்டம் என்று விடலாம். ஆனால் எங்கள் உடற்கல்வி இயக்குநர் பொன்ராஜ் சார் அதிர்ஷ்டத்தை நம்பி வேலை பார்க்கிறவர் இல்லை. மண்டலப் போட்டிகளை நடத்தும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். வருகிற நடுவர்களுக்கு பிரியாணி போட்டார். எல்லா ஆட்டத்தையும் எங்கள் மைதானத்தில், சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்தார். எங்கள் அணியின் சிறந்த வீராங்கனை யார் என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சாலையைத்தான் காட்டுவேன்.

வாக்ஓவருக்கும் பயிற்சி வேண்டும். சீருடையோடு அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். கேப்டன் காலியான எதிர் கோலுக்குள் பந்தை உருட்ட வேண்டும். விசில் ஊதியதும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் குதிக்க வேண்டும். குதிக்கும்போது போட்டோகிராபரைப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாட்டில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை.

நான் நீலா. கொருக்குப்பேட்டை. பி.காம் இரண்டாம் வருடம் முடித்துவிட்டேன். அணியில் டிஃபென்ஸ். யாரும் வராத வாசலுக்கு இரண்டு வருடமாகக் காவல் நின்றேன். எனக்குப் பின்னால், அதே வாசலில், என்னைவிடச் சும்மா நின்றவள் மோகனப்ரியா. எங்கள் கோல்கீப்பர்.

மோகனாவுக்குக் காசிமேடு. அவளுடைய அப்பா விசைப்படகில் டிரைவர். இவள் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்தே கோல் காக்கிறாள். எங்கள் கல்லூரியில் கோல்கீப்பருக்கான ஹெல்மெட், நெஞ்சுக்கவசம், கால் பட்டை எல்லாம் ஒரே ஒரு செட். அது தாளாளர் அறையில், கோப்பைகளுக்கு நடுவில், கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். வாக்ஓவர் அன்று வெளியே வரும், போட்டோ முடிந்ததும் துடைத்து உள்ளே போகும். பயிற்சியில் அவளை நோக்கி வேகமாக அடிக்கக் கூடாது என்று பொன்ராஜ் சார் எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கவசமில்லாமல் நிற்கிற பிள்ளைக்கு அடிபட்டால் யார் பதில் சொல்வது? நியாயம்தான். கவசத்தைக் கொடுக்கலாமே என்று நான் கேட்டதற்கு, கீறல் விழும் என்றார்.

இந்த வருடம் சீசன் முடிந்து, மே மாத வெயிலில் கல்லூரி காலியாகக் கிடந்தபோது ஒரு நல்ல சேதி வந்தது. ஜூன் மாதம் பல்கலைக்கழக அணிக்கான பயிற்சி முகாம். கோல்கீப்பர்களில் முதல் பெயர் மோகனப்ரியா. காரணம், மொத்தப் பல்கலைக்கழகத்திலும் இரண்டு வருடமாக ஒரு கோல்கூட வாங்காத கோல்கீப்பர் அவள் ஒருத்திதான். பொன்ராஜ் சார் கேசரி வாங்கிக் கொடுத்தார்.

மோகனா கேசரியைத் தொடவில்லை. சாயங்காலம் கல்மண்டபத்தில் டீக்கடை வாசலில் நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இத்த கேளு நீலா. எம்மேல ஒரு பந்துகூட வந்தது இல்ல. அந்தக் கேம்புல நெஜமா அடிப்பாளுங்க. அப்ப தெரியும், நான் கோலியா, இல்ல கோலாண்ட நிறுத்தி வெச்ச பொம்மையான்னு."

"அதெல்லாம் நல்லாதான் புடிப்பே. சும்மா பயந்துகினு கீறே."

"பயமெல்லாம் இல்லடி. அங்க போயி, அத்தினி பேரு முன்னாடி, எனக்கே அப்பதான் தெரியணுமா? போறதுக்கு முன்னாடி தெரியணும். ஒரே ஒரு நெஜ மேட்ச். அதுல பத்து கோலு வாங்கினாகூட பரவால்ல."

இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அதுவரை இந்த வாக்ஓவர் கூத்தைச் சிரித்துக்கொண்டே பார்த்த எனக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது.

அந்த வாரமே தாளாளர் திருமுருகன் சார் எங்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார். தலைப்பு, 'அடுத்த சீசனுக்கான நம் தொலைநோக்கு'. குளிர்சாதன அறை, புரொஜெக்டர், ஆளுக்கு ஒரு சமோசா. நான்கு பேர் மூன்றாம் வருடம் முடித்துப் போய்விட்டதால் அணியில் மிச்சம் ஏழு பேர். தொலைநோக்கில் அந்தச் சேதி வரவில்லை. புதுச் சீருடை வந்தது. அணிக்கு 'வடசென்னை வேங்கைகள்' என்று பெயர் வந்தது. ஒரு படத்தில் வேங்கை கையில் ஸ்டிக் பிடித்திருந்தது, அதுவும் தலைகீழாக. கடைசிப் படத்தில் 'மூன்றாவது ஆண்டும் தோல்வியில்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூன்றாவது ஆண்டு இன்னும் தொடங்கவே இல்லை.

"யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா?" என்றார் தாளாளர்.

மோகனா எழுந்தாள். "சார், ஒரு மேட்ச் ஆடலாமா சார்?"

தாளாளர் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்தார்.

"ஆடினால் என்னம்மா ஆகும்?"

"ஜெயிப்போம், இல்லன்னா தோப்போம் சார்."

"அந்த இரண்டாவது விஷயம்தான் எனக்குப் புரியவில்லை. இப்போது அது இல்லாமலே நன்றாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது?"

பொன்ராஜ் சார் தலையை ஆட்டினார். சம்பளத்தில் பாதி அந்தத் தலையாட்டலுக்குத்தான் என்று நான் நினைக்கிறேன். மோகனா உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு வழி திறந்தது எங்கள் தாளாளரின் தயவால் இல்லை, பொறாமையால். மே, ஜூன் என்பது கல்லூரிகளுக்கு அட்மிஷன் காலம். ஒருநாள் காலையில் அவர் காரில் வரும்போது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், எங்கள் கல்லூரி பேனருக்கு நேர் எதிரே ஒரு ஃப்ளெக்ஸ். மாதவரம் பக்கத்தில், வேறு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கல்லூரி ஒன்று வைத்தது. 'தோல்வியே காணாத பெண்கள் ஹாக்கி அணி! சேர்ந்து பயில்வீர்!' என்று போட்டு, அவர்களுடைய தாளாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நம் ஊரில், நம் தெருவில், நம் தோல்வியின்மையை இன்னொருத்தன் எடுத்துக்கொண்டான் என்று திருமுருகன் சாருக்கு வயிறு எரிந்தது. அன்று மதியமே சவால் விட்டார். நட்பு ஆட்டம், எங்கள் மைதானம், சாயங்காலம் ஐந்து மணி.

"வர மாட்டாங்க சார்," என்றார் பொன்ராஜ் சார், டிரெய்லர்களின் மேல் பாரத்தைப் போட்டு.

மாதவரத்துக்காரர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். எங்களிடம் ஏழு பேர்தான் இருக்கிறார்கள் என்று யாரோ அவர்களிடம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பதினொரு பேர் நிற்காத அணியை எதிர்த்து வந்து நின்றாலே போதும், கோப்பை நமக்கு என்று அவர்கள் கணக்கு. இதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

மோகனாவுக்கு எந்தக் கணக்கும் இல்லை. "மேட்ச் கீது நீலா, மேட்ச் கீது," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். டிரெய்லர் வரிசையைப் பற்றி நான் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு மனசு வரவில்லை.

பயிற்சி காசிமேட்டில் நடந்தது. அது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடந்தன. ஏலக் கூடம் காலி. வருடத்தில் மற்ற நாளெல்லாம் மீனும் ஐஸும் ஜனமுமாகக் கால் வைக்க இடமில்லாத சிமென்ட் தரை, அப்போது பெருக்கிவிட்ட கல்யாண மண்டபமாகக் கிடந்தது. பந்து அதில் சர்ரென்று போகும். எங்கள் மைதானத்தில் அரைத் தூரத்தில் படுத்துவிடுகிற பந்து அங்கே கண் இமைப்பதற்குள் வந்துவிடும். மோகனா மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடிகளை நைலான் கயிற்றால் காலில் கட்டிக்கொண்டு நின்றாள். படகு வேலை இல்லாமல் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவும் மாமாக்களும் எங்களோடு சேர்ந்து அடித்தார்கள்.

இதற்கு ஏலம் போட்டது குப்பம்மா. மோகனாவின் அத்தை. காசிமேட்டில் கூடைக் கூடையாக மீனை ஏலம் விடுகிறவள். அவளுடைய குரல் கூடத்தில் கிளம்பினால் கடலில் நிற்கிற படகில் கேட்கும். அவள் மூன்று தரம் சொல்லி முடித்தால் முடிந்ததுதான். அதற்கு மேல் வாங்குகிறவனும் பேச மாட்டான், விற்கிறவனும் பேச மாட்டான். போலீஸ்காரர் ஒருவரே ஒருமுறை வஞ்சிரத்துக்குத் தகராறு செய்து, அவள் மூன்றாம் தரம் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு போனாராம். தடைக்காலத்தில் விற்க மீன் இல்லை. அதனால் பந்தை ஏலம் விட்டாள். பந்து உள்ளே போனால், "போச்சுமே! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" கோல் என்று அர்த்தம். மோகனா தடுத்தால், "ஏலம் இல்ல, ஐஸ் பெட்டில வை!"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. ஆனால் மோகனா சிரிக்கவில்லை.

"இன்னாடி, இன்னிக்கு நல்லாதான புடிச்சே?" என்றேன்.

"எங்க நைனா என் பட்டைய பாத்து அடிக்கிறாரு. மாமாங்க கோலு போட்டா அவங்களே சாரி சொல்றாங்க. நீங்க எல்லாம் எந்தப் பக்கம் அடிப்பீங்கன்னு எனக்குத் தூக்கத்துலயே தெரியும். என்ன புடிக்காத எவளாச்சும் அடிக்கணும் நீலா."

ஆட்டத்துக்கு முந்தின நாள் இன்னொரு வேலை நடந்தது. அட்மிஷன் மேசையில் விண்ணப்பம் கொடுக்க உட்கார்ந்திருந்த நான்கு பெண்களைப் பொன்ராஜ் சார் கூட்டிவந்து சீருடை மாட்டிவிட்டார். போட்டோவுக்குப் பதினொரு பேர் வேண்டுமே. அதில் தஸ்னீம் என்ற பெண் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "சார், இதுல பந்து நம்ம மேல வருமா?"

"வராதும்மா. இங்க அந்தப் பழக்கமே இல்லை."

மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்குப் பொன்ராஜ் சார் வழக்கம்போல மைதானத்துச் சுவரின் மேல் ஏறிச் சாலையைப் பார்த்தார். ஆட்டத்துக்கு முன்னால் அவர் செய்கிற ஒரே ஆயத்தம் அது. வரிசை நீளமாக நின்றால் இறங்கிவந்து எங்கள் முதுகில் தட்டிக்கொடுப்பார். அன்று இறங்கவே இல்லை. சுவர் மேலேயே நின்றுகொண்டிருந்தார். என்னவென்று நானும் ஏறிப் பார்த்தேன்.

சாலையில் ஒரு டிரெய்லர்கூட இல்லை. பையன்கள் நடுச்சாலையில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து டிரெய்லர்காரர்கள் வேலைநிறுத்தமாம். பொன்ராஜ் சார் யாருக்கோ போன் போட்டு, "எப்பங்க வாபஸ் வாங்குவாங்க? ஒரு மணி நேரத்துல வாய்ப்பு இருக்கா?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அரை மணி நேரம் முன்னதாகவே மாதவரம் வேன் வந்து நின்றது.

எங்கள் வரலாற்றிலேயே ஒரு எதிரணி மைதானத்துக்குள் கால் வைத்தது அன்றுதான். நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தோம். முதலில் இறங்கியது அவர்களுடைய தாளாளர். கையில் சால்வை, பின்னால் ஒரு போட்டோகிராபர், அவனுக்குப் பின்னால் பெரிய கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள். கோப்பையில் தங்கள் கல்லூரிப் பெயரை வெட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். பிறகு பெண்கள் இறங்கினார்கள். பதினொரு பேர். அதில் மூன்று பேருக்கு ஷூவில் இன்னும் விலைச் சீட்டு தொங்கியது. தஸ்னீம் அவர்களைப் பார்த்ததும் நிம்மதியாகச் சிரித்தாள்.

அவர்களுடைய தாளாளர் எங்களை எண்ணினார். பதினொன்று வந்ததும் திரும்ப எண்ணினார். பிறகு திருமுருகன் சாரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். நானும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் குழாயடிக்குப் போய்விட்டேன்.

"உங்க டீம் நல்லா ஆடுமா சார்?" என்றார் அவர், மெதுவாக.

"தோல்வியே இல்லை. உங்களுது?"

"எங்களுதும் அப்படித்தான். எத்தனை மேட்ச் ஆடியிருப்பாங்க?"

திருமுருகன் சார் சாலைப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே மாதவரத்துக்காரருக்கு விளங்கிவிட்டது.

"உங்க பக்கமும் லாரிதானா சார்?"

"கன்டெய்னர். உங்களுக்கு?"

"மாதவரம் ரவுண்டானா. ஒரு பய வர முடியாது."

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். திருவிழாவில் காணாமல் போன அண்ணன் தம்பி கிடைத்ததுபோல இருந்தது. எனக்குக் குடித்த தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது.

முடிவு ஐந்தே நிமிடத்தில் ஆனது. ஆட வேண்டாம். ஆட்டம் சமம். இரண்டு அணியும் வெற்றி, இரண்டு அணிக்கும் தோல்வியில்லை, இரண்டு தாளாளருக்கும் சால்வை. பொன்ராஜ் சார் மைக்கைப் பிடித்து, வெயில் கடுமையாக இருப்பதால் மாணவிகளின் உடல்நலம் கருதி என்று ஆரம்பித்தார். கடற்காற்று வந்து மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே பந்தையும் எடுத்துத் தன் பேன்ட் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். பேசி முடிக்கிறவரை அந்தப் பாக்கெட் புடைத்துக்கொண்டு நின்றது.

சுவரோரமாகக் காசிமேட்டு ஜனம் உட்கார்ந்திருந்தது. படகு போகாத காலம், எல்லோருக்கும் பொழுது இருந்தது. மோகனாவின் அப்பா, மாமாக்கள், முன்வரிசையில் குப்பம்மா. "இன்னாது, ஆட மாட்டாங்களா?" என்று முணுமுணுப்பு கிளம்பியது. மைதானத்தின் நடுவில் நாற்காலி போட்டார்கள். இரண்டு அணியையும் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். எல்லோரும் போனோம். பழக்கம் அப்படி.

மோகனா மட்டும் வரவில்லை.

அலமாரியிலிருந்து அன்றைக்கு வெளியே வந்த கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு கோலுக்குள் நின்றிருந்தாள். பொன்ராஜ் சார் கையைக் காட்டினார். வரவில்லை. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் கோல் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளிடம் ஓடினேன். எனக்கு முன்னால் மாதவரம் கேப்டன் எழில்மொழி போய் நின்றாள். உயரமான பெண், தோளில் ஸ்டிக்.

"இன்னா, அடம் புடிச்சிகினு உக்காந்துகீறே? எங்க வேன் கெளம்பணும்."

ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் மோகனா அழுதுகொண்டிருந்தாள். "ஒரு பந்து அடி. ஒண்ணே ஒண்ணு. அடிச்சிட்டுப் போ."

"நான் இதுவரிக்கும் ஆள் நிக்கிற கோலுல அடிச்சதே இல்ல."

"நானும் பந்து வர்ற கோலுல நின்னதே இல்ல."

எழில்மொழி அவளைப் பார்த்தாள். பிறகு திரும்பி நடுவில் நிற்கிற சால்வைகளைப் பார்த்தாள். "எழுந்துரு," என்றாள். பெனால்டி புள்ளியைக் காலால் தேடினாள். யாரும் அதுவரை மிதிக்காத இடம், சுண்ணாம்பு அழியாமல் இருந்தது. "பந்து எங்க?"

பந்து பொன்ராஜ் சாரின் பாக்கெட்டில் இருந்தது. அவர் இரண்டு கையாலும் பாக்கெட்டைப் பொத்திக்கொண்டார். அப்போது சுவரோரத்திலிருந்து குப்பம்மா எழுந்து வந்தாள். இடுப்பிலிருந்த பையைத் திறந்து, வெற்றிலைக்கும் சில்லறைக்கும் அடியிலிருந்து ஏலக் கூடத்துப் பந்தை எடுத்து எழில்மொழியின் கையில் வைத்தாள். "நல்லா அடிம்மா. எங்க பொண்ணுன்னு பாக்காத," என்றாள்.

எங்கள் தாளாளர் நடுவிலிருந்தே கத்தினார். "அந்தப் பந்தை வாங்குய்யா! ரெக்கார்டு போயிடும்!"

எழில்மொழி பந்தை வைத்தாள். மோகனா முட்டியை மடக்கி, கையை விரித்து நின்றாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. எழில்மொழி ஒரு அடி எடுத்து வைத்துத் தள்ளினாள். பந்து மோகனாவின் வலது கைக்கும் கம்பத்துக்கும் நடுவில் போய் வலையில் விழுந்தது.

குப்பம்மாவின் குரல் கிளம்பியது.

"போச்சுமே! ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

திருமுருகன் சார் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "இது கணக்கில் வராது! ஆட்டமே தொடங்கவில்லை! இது கோல் கிடையாது!"

"மூணு தரம் சொல்லிட்டேன் சார்," என்றாள் குப்பம்மா. "சொன்னா சொன்னதுதான். உனுக்கோசரம் ஒரு தரம், ஊருக்கோசரம் ஒரு தரமா சொல்ல முடியும்?" சுவரோரத்து ஜனம் மொத்தமும், அதானே என்றது. அத்தனை பேரும் அந்த மூன்று தரத்தை வைத்துத்தான் சோறு தின்கிறவர்கள். அவர்களிடம் தாளாளர் பேச்சு எடுபடவில்லை.

மோகனா திரும்பி வலையைப் பார்த்தாள். இரண்டு வருடமாகச் சும்மா தொங்கிய வலை. குனிந்து உள்ளே கையை விட்டுப் பந்தை எடுத்தாள். அவள் அழுகை நின்றிருந்தது. பந்தை எழில்மொழியிடம் உருட்டிவிட்டு, "இன்னொண்ணு," என்றாள்.

அடுத்ததை அவள் தடுத்தாள். இடது காலை நீட்டினாள், பட்டையில் பட்ட பந்து சுவர் வரைக்கும் போனது. காசிமேடு எழுந்து நின்று, "ஐஸ் பெட்டில வை!" என்று கத்தியது. அந்தப் பந்தை நான் துரத்திக்கொண்டு ஓடினேன். என் பின்னால் ஒரு மாதவரத்துப் பெண் ஓடிவந்தாள். ஸ்டிக்கால் என் முழங்காலில் போட்டாள் ஒரு போடு. வலித்தது. என்னால் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. நடுவராக வந்தவர், ஒரே ஒரு விசில் ஊதிவிட்டு பிரியாணி சாப்பிட வந்த மனிதர், இதற்குள் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு ஓட ஆரம்பித்து, "ஃபவுல்!" என்று விசில் ஊதினார். அதோடு ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கம் ஏழு, அவர்கள் பக்கம் எட்டு. அட்மிஷன் மேசைப் பெண்களும் விலைச்சீட்டு ஷூக்காரிகளும் ஓரமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஊர் விசாரித்தார்கள். இரண்டு தாளாளர்களும் சால்வையோடு நடுவில் நின்றதால் கொஞ்ச நேரம் அவர்களைச் சுற்றித்தான் ஆட வேண்டியிருந்தது.

மூன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். நன்றாகத் தோற்றோம். எழில்மொழிதான் மூன்றையும் போட்டாள். அவள் போட முடியாததையெல்லாம் மோகனா காலாலும் கையாலும் நெஞ்சாலும் தடுத்திருந்தாள். கவசமெங்கும் கீறல். ஆட்டம் முடிந்ததும் எழில்மொழி வந்து அவள் ஹெல்மெட்டில் தட்டி, "பேஜாரு பண்ட்டே போ. எல்லாத்தையும் புடிச்சிக்கினே கீறியே," என்றாள். அதற்கு மேல் ஒரு பாராட்டை எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஒரு வாரத்தில் புது ஃப்ளெக்ஸ் வந்தது, கல்மண்டபம் சிக்னலில், முந்தையதைவிடப் பெரிசாக. 'தோல்வியே காணாத இரு வேங்கை அணிகள் சந்தித்த சரித்திரத் தருணம்!' இரண்டு தாளாளர்களும் சால்வை போர்த்திக் கைகுலுக்கினார்கள். மூன்றுக்கு இரண்டு எங்கும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகாமுக்குப் போக மோகனா பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நானும் குப்பம்மாவும் வழியனுப்ப வந்திருந்தோம்.

"பாத்தியாடி, எப்டி மறைச்சிட்டானுங்க," என்றேன்.

மோகனா அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, "அவங்கள உடு. அவங்க சால்வைக்கு நடுவுல பாரு," என்றாள்.

பார்த்தேன். சுற்றிலும் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, இருவரும் நடுவில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. இரண்டு பேருடைய தோளுக்கும் நடுவில், தூரத்தில், சின்னதாக ஒரு கோல். அதில் ஹெல்மெட் போட்ட பெண் ஒருத்தி குனிந்து, வலைக்குள் கையை விட்டுப் பந்தை எடுத்துக்கொண்டிருந்தாள். ஃப்ளெக்ஸ் அடித்தவனுக்கு ஹாக்கி தெரியாது. தாளாளர்களுக்கும் தெரியாது. சிக்னலில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருபதடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான்தான் அது," என்றாள் மோகனா. "கோலு வாங்கிகினு கீறேன்." குரலில் அவ்வளவு பெருமை.

குப்பம்மா பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆளை இழுத்து, "அத பாரு, எங்க அண்ணன் பொண்ணு," என்று காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பஸ் வந்தது. "கேம்புல எத்தினி கோலு வாங்கிகீறேன்னு கேட்டா இன்னா சொல்லுவே?" என்றேன்.

"மூணுன்னு சொல்வேன்," என்று படியில் ஏறினாள் மோகனா. "எத்தினி வந்துச்சுன்னும் கேளுங்கன்னு சொல்வேன்."